சுழியும் வட்டமும்: தடித்த உருண்டைத் தமிழ் எழுத்துருக்களும் பேராக் மாநிலப் பெயர்ப்பலகைகளும்

முன்னுரை

தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கல்வெட்டியலாரும் சுவடியியலாரும் அச்சு வரலாற்றை ஆராய்ந்தோரும் விரிவாக எழுதியுள்ளனர். எனினும், நாள்தோறும் நம் கண்முன் நிற்கும் கணினி எழுத்துரு திறனாய்வுக்கு உரிய பொருளாகப் பெரிதும் கருதப்படுவதில்லை. ஒரு கவிதையில் ஒரு சொல் பொருந்துகிறதா என்று நுணுகிப் பார்க்கும் நாம், அச்சொல் எந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. எழுத்துருத் தேர்வு அச்சகத்தாருக்கும் பெயர்ப்பலகைக் கடையினருக்கும் உரிய வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

அண்மை ஆண்டுகளில் ஒரு வகை எழுத்துரு தமிழ்ப் பயன்பாட்டில் மிகுதியாகப் பரவியுள்ளது. கோடு முழுவதும் ஏறத்தாழ ஒரே தடிமன், வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாகக் கொண்ட உருவம், கூர்மை நீக்கி உருட்டப்பட்ட முனைகள், மிகுந்த கனம் ஆகியவை அதன் இயல்புகள். ஈப்போவின் லகாட் சாலைப் பகுதியிலுள்ள கடைப்பலகை, தைப்பூசப் பதாகை, பள்ளி விளையாட்டுப் போட்டியின் அறிவிப்பு, முதலாம் ஆண்டு மாணவருக்கான பயிற்றித்தாள் என எங்கும் இவ்வகை எழுத்து இடம்பெறத் தக்கதாக உள்ளது. இக்கட்டுரை அவ்வகை எழுத்துருவின் அமைப்பையும் பயன்பாட்டையும் மதிப்பிட முனைகிறது.

தமிழ் எழுத்தின் அடையாளம் வட்டத்தில் இல்லை, சுழியில் உள்ளது என்பதே நம் கருத்து. வட்டத்தைக் காப்பாற்றிச் சுழியை இழக்கும் எழுத்துரு, எவ்வளவு அழகாயினும், தமிழ் அச்சு மூன்று நூற்றாண்டுகளில் ஈட்டிய தெளிவை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. தோட்டங்கள் மறைந்து, அவற்றின் பெயர்கள் பள்ளிப் பலகைகளில் மட்டும் எஞ்சி நிற்கும் பேராக் போன்ற மாநிலத்தில் இவ்விழப்பு வெறும் அழகியல் சிக்கலன்று.

இவ்வகை எழுத்தின் பிறப்பிடம்

வடிவியல் அடிப்படையிலான எழுத்துரு இலத்தீன் எழுத்துலகில் தோன்றியது. செருமனியில் எர்பர்ட் பாயர் 1925ஆம் ஆண்டளவில் வட்டத்தையும் நேர்கோட்டையும் கொண்டு ஒரு பொது எழுத்து வரிசையை வரைந்தார். பவுல் ரென்னர் வடிவமைத்த ‘பியூச்சுரா’ 1927இல் வெளிவந்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்திற்காக 1979இல் உருவாக்கப்பட்ட ‘வி.ஏ.ஜி. ரவுண்டட்’ என்னும் எழுத்துரு முனைகளையும் உருட்டிவிட்டது. ஆப்பிள் கணினி விசைப்பலகைகளில் பல ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்ததால் அதன் பெயர் அறியாதவர்களும் அதன் உருவத்தை அறிவர். இயந்திரக் காலத்தின் ஒழுங்கும், முனை மழுங்கிய மென்மையும் இணைந்த தோற்றத்தை இவ்வெழுத்துருக்கள் தந்தன.

இலத்தீனுக்கு இம்முறை பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அதன் பெரிய எழுத்துகளுட் பல இயல்பாகவே வட்டம், முக்கோணம், செவ்வகம் ஆகியவற்றை ஒட்டியவை. உள்வெளிகள் குறைவு. வட்டமான ‘ஓ’ எழுத்தின் நடுவே ஒரு கிடைக்கோடு வரைந்தால் அக்கோடு எழுத்தின் உடலை இரண்டே இடங்களில் வெட்டும். எனவே கோட்டைத் தடிக்கச் செய்தாலும் நடுவில் வெளி எஞ்சும்.

அவ்வாறிருந்தும் பியூச்சுராவே தன் வடிவியலை முழுமையாகப் பின்பற்றவில்லை என்பது கருதத்தக்கது. வளைவு தண்டுக்கோட்டைச் சேருமிடத்தில் கோடு சற்று மெலிகிறது. கடுமையான வடிவியலில் ரென்னர் முதலில் வரைந்த சில சிறிய எழுத்துகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. கவராயம் வரைந்ததைக் கண் திருத்தியது எனலாம். இந்த உண்மையைத் தமிழுக்கு இவ்வடிவத்தைக் கொணர்வோர் மறந்துவிடக் கூடாது.

இங்கு ஒரு கலைச்சொல் தெளிவும் தேவை. இலத்தீன் எழுத்தின் கோட்டு முனையில் வரும் சிறு கொடுக்கு நீக்கப்பட்ட எழுத்துருவைத் தனி வகையாகப் பிரிப்பர். தமிழ் எழுத்துக்கு அத்தகைய கொடுக்கு மரபு இல்லை. எனவே ‘கொடுக்கற்ற தமிழ் எழுத்துரு’ என்று கூறும்போது உண்மையில் குறிக்கப்படுவது, தடித்தும் மெலிந்தும் வரும் கோட்டை விடுத்து ஒரே தடிமனில் வரையப்பட்ட எழுத்து என்பதேயாகும். பெயர் இலத்தீனிலிருந்து வந்தது. பண்பு வேறு.

வட்டமா, சுழியா?

தமிழ் எழுத்து உருண்டையானது, ஆகவே உருண்டை எழுத்துரு தமிழுக்கு இயல்பானது என்னும் வாதம் பரவலாக முன்வைக்கப்படுகிறது. பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு கீறினால் ஓலை நரம்போடு கிழியும், எனவே எழுத்து வளைந்தது என்னும் விளக்கமும் உடன் சொல்லப்படுகிறது. எழுத்தாணிக் கோடு தடிமன் மாறாதது என்பதும் உண்மை. இவ்வாறு நோக்கின், ஒரே தடிமன் கொண்ட உருண்டை எழுத்து ஓலை மரபின் தொடர்ச்சியாகத் தோன்றும்.

இவ்வாதத்தில் பாதி உண்மையே உள்ளது. ட, ப, ம, ய, வ முதலிய எழுத்துகள் நேர்கோட்டையும் கோணத்தையும் நம்பி நிற்பவை. பகரத்தின் இரு கோணங்களையும் உருட்டிவிட்டால் எஞ்சுவது கிண்ணம். உருண்டை என்று நாம் கூறும் எழுத்துகளிலும் இருப்பது மூடிய வட்டமன்று. உள்ளே புகுந்து, திரும்பி, வெளியேறும் சுழி. சுழிக்குத் தொடக்கமும் போக்கும் உண்டு. வட்டத்திற்கு அவை இல்லை.

நம் ஆசிரியர் மரபே இதனை நன்கு உணர்ந்திருந்தது. னகரத்தை இரண்டு சுழி ‘ன’ என்றும் ணகரத்தை மூன்று சுழி ‘ண’ என்றும் சொல்லிக்கொடுப்பது நம் வகுப்பறை வழக்கம். மாணவர் எழுத்தை அறிவது சுழியை எண்ணித்தான். மு, மூ என்பவற்றைப் பிரிப்பதும் இறுதியில் வரும் ஒரு சுழியே. ஒ, ஓ என்பவற்றைப் பிரிப்பதும் அடியிலுள்ள சுழியே. ‘ஒரு சுழி கூடினால் வேறு எழுத்து’ என்னும் இவ்விதி இலத்தீனில் இல்லை. அங்கு ஒரு வடிவமைப்பாளர் ஓர் எழுத்தின் வளைவை விருப்பம்போல் எளிதாக்கலாம். இங்கு எளிதாக்கினால் எழுத்தே மாறிவிடும்.

கனம் கூடும்போது என்ன நிகழ்கிறது என்பதும் இங்கிருந்தே விளங்குகிறது. ணகரத்தின் நடுவே கிடைக்கோடு வரைந்தால் அது எழுத்தின் உடலைப் பல இடங்களில் வெட்டும். ஒவ்வொரு கோடும் தடிக்கும்போது இடையிலுள்ள ஒவ்வோர் உள்வெளியும் சுருங்கும். எழுத்தை அகலப்படுத்தியோ, உட்சுழியின் கோட்டை மெலிவித்தோதான் இதனைச் சரிசெய்ய முடியும். அகலப்படுத்தினால் வட்டம் முட்டையாகும். மெலிவித்தால் ஒரே தடிமன் என்னும் கொள்கை தளரும். ஆகவே தடிப்பு, வட்டம், ஒரே தடிமன் ஆகிய மூன்றையும் முழுமையாகக் காத்துக்கொண்டு தெளிவான தமிழ் எழுத்தை வரைய இயலாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் தமிழறிவு வெளிப்படுகிறது.

தெளிவைச் சேர்த்த வரலாறு

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் பிரிக்கப்படவில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லையும் பொருள்நோக்கித் தெளிந்து படிக்க வேண்டியிருந்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணம். சுவடியின் எழுத்து வேறுபாட்டைத் தரவில்லை. படிப்பவரின் புலமைதான் தந்தது.

இந்நிலை படிப்படியாக மாறியது. ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் நிலைபெற்றதில் வீரமாமுனிவரின் பங்கு அனைவரும் அறிந்ததே. 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, தரங்கம்பாடி அச்சுக்கூடத்தைக் கடந்து, சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி. ஆர். அண்ட் மேற்பார்வையில் 1862இல் அச்சான வின்சுலோவின் அகராதி வரை நோக்கும்போது ஒரு போக்கு புலனாகிறது. எழுத்து சிறிதாகிறது, ஆனால் வேறுபாடுகள் கூடுகின்றன. புள்ளி உறுதிப்படுகிறது. ரகரம் காலிலிருந்து தன் வாலால் பிரிகிறது. புலவர் மட்டுமே படிக்கக் கூடியதாயிருந்த எழுத்தை எளியவரும் படிக்கக் கூடியதாக ஆக்கியது இத்தெளிவேயாகும்.

மலாயாவும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை அமைத்த முன்னோடியான யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா மலாயாவில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். தட்டச்சு எழுத்து ஒரே தடிமன் கோட்டாலானது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு இடந்தரும் பொறியில் அகன்ற ணகரம் நெருக்குண்டது. எனினும் அதன் கோடு மெல்லியதாயிருந்தமையால் சுழிகள் பிழைத்தன. தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், மலேசியாவிலும் பின்னர் வழக்குக்கு வந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவங்களும் ணா, றா, னா முதலியவற்றின் தனி வடிவங்களும் நீங்கின. கணினிக் காலத்தில் நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கி வளர்த்த முரசு அஞ்சலும், ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற அவருடைய ‘இணைமதி’ எழுத்துருவும் தமிழுக்கு உலக அரங்கில் இடம் தேடித் தந்தன.

இவ்வளவு உழைப்பால் சேர்ந்த வேறுபாடுகளே புள்ளி, வால், கீழ்ச்சுழி, கால் ஆகிய சிறு உறுப்புகள். தடித்த உருண்டை எழுத்துருவில் முதலில் பலியாகக் கூடியவையும் இவையே. பருத்த உடலோடு ஒட்டிய புள்ளி, குட்டையாக்கப்பட்ட வால், அடைபட்ட சுழி ஆகியவை கொண்ட சொல்லைப் படிப்பவர், ஓலைச்சுவடியைப் படித்த பதிப்பாசிரியரின் நிலைக்கே திரும்புகிறார். பொருளை முன்னரே அறிந்தவர் தடையின்றிப் படிப்பார். அறியாதவர் தடுமாறுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியுள்ள ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு முன்னறிவு எங்கிருந்து வரும்?

மூன்று உரைகற்கள்

எழுத்துருவை மதிப்பிட அயலிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் அன்றாடப் பெயர்களே போதும். மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ‘ஈப்போ’. ஈகாரத்தின் உடலுக்குள் இரண்டு சிறு புள்ளிகள் தனித்து நிற்கின்றன. தமிழ் எழுத்துகளுள் உள்ளே புள்ளி கொண்டது இஃது ஒன்றே. கனம் கூடும்போது அப்புள்ளிகள் தண்டுக்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவை ஒட்டினால் எழுத்து கறுத்த திட்டாகும். அடுத்து வரும் பகர மெய்யின் புள்ளி, தொடர்ந்து வரும் ஓகார இரட்டைக் கொம்பின் மேற்சுழியோடு போட்டியிடுகிறது. அம்மேற்சுழி அடைபட்டால் ஏகாரக் கொம்பும் எகரக் கொம்பும் வேறுபடா. மூன்று எழுத்தாலான ஊர்ப்பெயரிலேயே இத்தனை சோதனைகள் உள்ளன.

இரண்டாவது, ‘பேராக்’. இங்கு ரகரமும் காலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓலையில் வேறுபடாதிருந்த அதே இணை இது. ரகரத்தின் வால் போதிய நீளமும் சாய்வும் கொண்டிருந்தால் மட்டுமே கண் இரண்டையும் பிரித்தறியும். முனையை உருட்டி, வாலைக் குறுக்கி, அடிக்கோட்டை நேராக்கும் வடிவமைப்பில் இரு கால்கள் இணைந்து நிற்பதுபோல் தோன்றும். அச்சொல்லை அறிந்தவருக்கு இது குறையாகத் தெரியாது. ஆனால் ‘மரம்’, ‘மாரம்’ எனப் புதிய சொல்லை எழுத்துக்கூட்டுபவருக்கு இதுவே முதல் தடை.

மூன்றாவது, ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’. பதினோர் எழுத்துகள் கொண்ட இத்தொடரில் ஐந்து மெய்யெழுத்துகள் உள்ளன. அதாவது ஐந்து புள்ளிகள். ழகரமும் ளகரமும் ஒரே சொல்லில் வருகின்றன. மகரத்தின் மேல் விலங்கும் ளகரத்தின் மேல் விலங்கும் உள்ளன. இலத்தீன் எழுத்துருவில் புள்ளி என்பது இரண்டு சிறிய எழுத்துகளின் மேல் மட்டும் வரும் சிற்றுறுப்பு. அதனைக் கருவாகக் கொண்டு தமிழை வரைவோர், தமிழில் புள்ளி எவ்வளவு அடிக்கடி வரும் என்பதைக் கணக்கில் கொள்ளாமற் போவதுண்டு. நம் நாட்டிலோ மலாய், ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது மெய்யெழுத்துகள் இன்னும் பெருகுகின்றன. எல்பில், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், தஞ்சோங் மாலிம் எனப் பேராக்கின் பெயர்களே சான்று. ‘எல்பில்’ என்னும் நான்கெழுத்துப் பெயரில் பாதி மெய்யெழுத்து. புள்ளி தெளிவாக இல்லையேல் அப்பெயரே இல்லை.

பலகையில் நிகழ்வது

எழுத்துரு கணினித் திரையில் பிறந்தாலும் பலகையில்தான் வாழ்கிறது. எனவே அது பலகைக்குச் செல்லும் வழியையும் நோக்க வேண்டும்.

உருண்டை எழுத்துக்குக் கைவினை நோக்கில் நியாயமான காரணங்கள் உள்ளன. கணினியால் இயங்கும் வெட்டுப்பொறியில் ஒட்டுப்படலத்தை வெட்டும்போது கூரிய முனை எளிதில் உரிந்து எழும்பும். உருண்ட முனை நிலைத்து நிற்கும். உள்ளே எல்.இ.டி. விளக்கு பொருத்தும் பெட்டி எழுத்துகளுக்குச் சீரான அகலமுள்ள கோடு வசதியானது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் தடித்த கோடு தொலைவிலிருந்தும் தெரியும். பெயர்ப்பலகைக் கடையினர் இவ்வகையை விரும்புவதை நாம் குறைகூற இயலாது.

சிக்கல் அளவில் எழுகிறது. நம் ஊராட்சி மன்றங்களின் விளம்பரத் துணைச் சட்டங்கள் பலகையில் தேசிய மொழி முதன்மை பெற வேண்டும் என வகுத்துள்ளன. அது நாட்டின் நெறி. நாம் அதற்குள்தான் தமிழுக்கு இடம் தேட வேண்டும். எனவே பெரும்பாலான பலகைகளில் தமிழ் இரண்டாம் வரியாக, சிறிய அளவில் வருகிறது. பெரிய மலாய் வரிக்கு ஏற்ற கனத்தைச் சிறிய தமிழ் வரிக்கும் தரும்போது சுழிகள் அடைபடுகின்றன. தமிழ்த்தொடர் நீளமானதால் அதனைப் பக்கவாட்டில் நெருக்குவதும் உண்டு. அவ்வாறு நெருக்கும்போது நிமிர்ந்த கோடுகள் மெலிய, கிடைக்கோடுகள் தடித்தே இருக்கும். ஒரே தடிமன் என்னும் அடிப்படை குலைந்து, வட்டம் ஒடுங்கிய முட்டையாகிறது. போதாக்குறைக்கு, எழுத்தைச் சுற்றிப் புறக்கோடு சேர்த்து மேலும் தடிக்கச் செய்வர். அப்புறக்கோடு வெளியே மட்டும் வளராது. உள்ளேயும் வளர்ந்து எஞ்சிய உள்வெளியையும் விழுங்கும்.

தனித்தனியாக வெட்டிப் பொருத்தும் எழுத்துகளில் புள்ளி தனித் துண்டு. உடலோடு இணைப்பில்லாத அத்துண்டு உதிர்ந்துவிட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘தமிழ்’ ‘தமிழ’ ஆகும். இலத்தீன் எழுத்தில் ஒரு புள்ளி உதிர்ந்தால் அழகு குறையும். தமிழில் புள்ளி உதிர்ந்தால் ஒலி மாறும்.

கையால் பலகை எழுதிய ஓவியர் இச்சிக்கல்களைக் கண்ணாலேயே தீர்த்தார். இடம் குறைந்தால் சுழியின் உட்கோட்டை மெலிவித்தார், புள்ளியைச் சற்று உயர்த்தினார், ரகரத்தின் வாலை அடுத்த எழுத்தின் கீழ் இழுத்தார். ஒவ்வொரு பலகையும் அந்தச் சொல்லுக்காகவே எழுதப்பட்டது. கணினி எழுத்துரு எல்லாச் சொல்லுக்குமாக ஒரே முறை வரையப்படுகிறது. ஆதலால் ஓவியரின் கண் செய்த திருத்தங்களை வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுத்துருவினுள் வைத்தாக வேண்டும். பழைய கைத்தொழில் அழிந்ததே என்று ஏங்குவது நம் நோக்கமன்று. அதன் அறிவு புதிய கருவியில் சேர்ந்துள்ளதா என்பதே நம் வினா.

இரண்டு எழுத்துருக்கள்

இவ்வினாவைக் கொண்டு, கட்டணமின்றிக் கிடைப்பதால் பரவலாகப் பயன்படத்தக்க இரண்டு எழுத்துருக் குடும்பங்களை நோக்கலாம்.

‘பலூ தம்பி’ இந்தியாவின் ஏக் டைப் குழுவினர் வெளியிட்ட பன்மொழி எழுத்துருக் குடும்பத்தின் தமிழ் உறுப்பு. இதன் தமிழ் வடிவத்தை ஆதர்ஷ் ராஜன் வரைந்துள்ளார். கிப்லிங்கின் கானகக் கதைகளில் வரும் கரடியின் பெயர் குடும்பப் பெயராயிற்று. பல மொழிகளுக்கு அம்மொழியின் உறவுச்சொல் ஒட்டாக அமைந்தது. மலையாளத்தில் ‘சேட்டன்’, தெலுங்கில் ‘தம்முடு’, தமிழில் ‘தம்பி’. பருத்த உடலும் உருண்ட விளிம்பும் கொண்ட இவ்வெழுத்து கவராயத்தின் கடுமைக்கு அடங்கியதன்று. அதில் தூரிகையின் நெகிழ்ச்சி உண்டு. அந்நெகிழ்ச்சியே அதன் வலிமை. வடிவியலை முழுமையாகக் கைக்கொள்ளாததால் சுழிக்கு இடம் கிடைக்கிறது. முதல் வெளியீடு ஒரே கனத்தில், தலைப்புகளுக்கென அமைந்தது. பின்னர் வந்த ‘பலூ தம்பி 2’ இயல்பு கனம் முதல் மிகு கனம் வரை ஐந்து கனங்களைத் தருகிறது. இவ்விரிவே ஒரு திறனாய்வு எனலாம். ஒரே தடித்த கனம் எல்லாப் பணிக்கும் போதாது என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’, கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லின் ஆங்கில வடிவைப் பெயராகக் கொண்டது. மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்கள் கொண்ட இக்குடும்பம் தமிழையும் இலத்தீனையும் இணையாகக் கருதி வரையப்பட்டது. முன்னதைவிட இதில் வடிவியல் ஒழுங்கு மிகுதி. விளையாட்டுத்தன்மை குறைவு. நடுக்கனங்களில் பாட எழுத்தாகவும் தடித்த கனங்களில் தலைப்பாகவும் பயன்படும் வாய்ப்பு இதற்கு உண்டு. ஆனால் ஒன்பதாம் கனத்தைச் சிறிய இரண்டாம் வரிக்குப் பயன்படுத்தினால் எந்த எழுத்துருவும் தப்பாது. அங்கு பிழை வரைந்தவரிடம் இல்லை, தேர்ந்தவரிடம் உள்ளது.

‘காயினி’ போன்று தமிழையும் இலத்தீனையும் ஒரே தடித்த கனத்தில் மட்டும் தரும் எழுத்துருக்கள் வேறொரு நிலையில் உள்ளன. பெரிய அளவில், இரண்டு மூன்று சொற்களுக்கு அவை உவகையூட்டும். பிறந்தநாள் அட்டைக்கும் தின்பண்டப் பொதிக்கும் அவற்றைக் குறைசொல்ல ஏதுமில்லை. பத்தியாக அமைக்கும்போதுதான் அவை தம் எல்லையை மீறுகின்றன.

இவை மூன்றும் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் கிடைப்பவை. குறைந்த நிதியில் இயங்கும் பள்ளி கட்டணமின்றி, முறையான உரிமத்துடன் பயன்படுத்தலாம். முறையற்ற படிகளே கிடைத்த காலத்தோடு ஒப்பிட இது பெரும் பேறு. ஆனால் கட்டணமின்மை தேர்வுப் பொறுப்பை நீக்கிவிடாது.

வகுப்பறையும் தோட்டத்தின் பெயரும்

தொடக்க வகுப்பில் ஒரே தடிமன் கொண்ட உருண்டை எழுத்துக்கு உண்மையான பயன் உண்டு என்பதை மறுக்க இயலாது. மாணவர் கையிலுள்ள எழுதுகோலும் ஆசிரியர் கையிலுள்ள சுண்ணக்கட்டியும் ஒரே தடிமன் கோட்டைத்தான் தருகின்றன. தடித்தும் மெலிந்தும் வரும் நூல் எழுத்தைவிட, தாம் எழுதும் எழுத்தை ஒத்த வடிவம் பிள்ளைகளுக்கு அணுக்கமானது. ஆகவே நாம் மறுப்பது உருண்டையை அன்று, மிகைக் கனத்தை. இயல்பு கனத்தில், போதிய வரி இடைவெளியுடன் அமைந்த உருண்டை எழுத்து நல்ல ஆசிரியத் துணை. அதே எழுத்து மிகு கனத்தில் பயிற்றித்தாள் முழுவதும் நிரம்பினால், ன, ண வேறுபாட்டை எண்ணிக் கற்க வேண்டிய பிள்ளையிடமிருந்து எண்ண வேண்டிய சுழியையே எடுத்துவிடுகிறோம். பிறகு எழுத்துப்பிழை மலிந்துவிட்டது என வருந்துவதில் பொருளில்லை.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டின் மாநிலங்களுள் இதுவே மிகுதியான எண்ணிக்கை. அவற்றுட் பல, 150 மாணவருக்கும் குறைவானோர் பயிலும் சிறிய பள்ளிகள். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், குடியிருப்புகளாகியும் போயின. லயங்கள் காலியாயின. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா முதலிய நகரங்களின் புறப்பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். பள்ளிகளுட் சில மக்களைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தபோதும் தோட்டத்தின் பெயரைக் கைவிடவில்லை. தோட்டம் நிலப்படத்தில் இல்லாதபோதும் அதன் பெயர் பள்ளி வாயிலில் நிற்கிறது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் அப்பெயரைத் தமிழில் படிக்கும் ஒரே இடம் அப்பலகையாக இருக்கக் கூடும்.

அங்கு எழுத்துரு அலங்காரப் பொருளாக நின்றுவிடுவதில்லை, ஆவணமாகிறது. கல்வெட்டில் சிதைந்த ஓர் எழுத்துக்காகப் பக்கம் பக்கமாக வாதிடும் துறை நம்முடையது. நாளை சிதையாமலிருக்க இன்றே தெளிவாக எழுதுவதும் அத்துறையின் கடமையே.

முடிவுரை

தடித்த உருண்டை எழுத்துரு தமிழுக்கு அயலானது என்று ஒதுக்குவதும், தமிழ் உருண்டையானது என்பதால் அஃது இயல்பானது என்று ஏற்பதும் ஒருசேரப் பிழையானவை. அதனை மதிப்பிடும் அளவை ஒன்றே: சுழி திறந்திருக்கிறதா? புள்ளி தனித்து நிற்கிறதா? ரகரமும் காலும் பிரிகின்றனவா? எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஐயமின்றி வேறுபடுகின்றனவா? இவற்றிற்கு விடை ஆம் எனில் எவ்வளவு உருண்டையாயினும் அது தமிழ் எழுத்து. இல்லையெனில் எவ்வளவு அழகாயினும் அது தமிழின் நிழல்.

பள்ளிகளும் கழகங்களும் பலகைக்கோ பதாகைக்கோ ஒப்புதல் தருமுன், இறுதி அளவிலேயே ஒரு படியை அச்சிட்டு, ‘ஈப்போ’, ‘பேராக்’, ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்னும் மூன்றையும் பத்தடித் தொலைவிலிருந்து படித்துப் பார்க்கலாம். இயன்றால் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரையே படிக்கச் சொல்லலாம். தமிழ் வரியைப் பக்கவாட்டில் நெருக்க வேண்டாம், புறக்கோடு சேர்த்துத் தடிக்கச் செய்ய வேண்டாம், ஒரு கனம் குறைத்துத் தேர்க என அச்சகத்தாரிடம் கூறுவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் எழுத்தியல் கற்பிக்கும்போது இச்சிறு பகுதியையும் சேர்ப்பது அரிதன்று. இரண்டு சுழி, மூன்று சுழி என்று சொல்லிக்கொடுப்பவர் அச்சுழிகள் பலகையிலும் தாளிலும் எண்ணத்தக்கனவாக உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்வாராக.